விசையா? விரைவா?

பழைய வாகனம் வாங்கச் செல்வோர் நம்மூரில் முதலிற் கேட்கும் வினாக்கள் மூன்று. எந்த ஆண்டு வண்டி? எத்தனை கிலோமீற்றர் ஓடியிருக்கின்றது? லீற்றருக்கு எவ்வளவு ஓடும்? நான்காவது வினா ஒன்றும் உண்டு. அதனைக் கேட்போர் மிகச் சிலர். எஞ்சினிலிருந்து வரும் சுழற்சி, பின்னச்சிலே எத்தனை மடங்கு குறைக்கப்பட்டுச் சில்லைச் சென்றடைகின்றது என்பதே அவ்வினா. அதனைக் கேளாது விட்டமையால் ஒரு குடும்பம் பட்ட பாட்டை இவ்வாரம் சொல்ல விழைகின்றேன். மாணவர்கள் கணக்குக் கொப்பியை அருகில் வைத்துக்கொள்வார்களாக.

என்னிடம் முன்னர்ப் படித்த மாணவன் ஒருவன் நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்கின்றான். செம்மண்ணும் கிணற்று நீருமாகச் சேர்ந்து எங்கள் ஊருக்கு அளித்த செல்வம் வாழையே. கதலிக் குலைகளைத் தரகரிடம் கொடுத்து வந்த அவன், தானே ஏற்றிச் சென்று விற்றால் நாலு காசு மிஞ்சும் என எண்ணினான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர்ப் பழைய வண்டிகளின் விலை ஏறியதை யாவரும் அறிவர். 2025 பெப்ரவரியில் மீண்டும் வழி திறந்தபோதும், புதுவண்டியின் விலை தோட்டக்காரனுக்கு எட்டுவதாக இல்லை. ஆகவே தாயாரின் நகைகளை அடைவு வைத்துப் பழைய டீசல் பிக்கப் ஒன்றை வாங்கினான். பெரிய ரயர்கள் பூட்டி, நிமிர்ந்து நின்ற அவ்வண்டியைக் கண்டு அயலவர் வியந்தனர்.

மூன்று மாதங் கழியவில்லை. ஒரு மாலைப் பொழுதில் முகம் வாடி என் வீட்டுப் படலையைத் திறந்து வந்தான்.

"மாஸ்ரர், வண்டி பார்வைக்கு யானைதான், பாரம் ஏத்தினால் இழுக்குதில்லை" என்றான்.

குலைகளை ஏற்றிக்கொண்டு தோட்டத்து ஒழுங்கையிலிருந்து வீதிக்கு ஏறும்போது கிளச் கருகி மணக்கின்றதாம். தம்புள்ளைச் சந்தைக்குச் செல்லும் வழியிற் சிறிய ஏற்றம் வந்தாலும் கியரைக் குறைக்க வேண்டியிருக்கின்றதாம். டீசலும் எண்ணியதிலும் அதிகமாகச் செல்கின்றதாம். கிளச் தட்டு ஒருமுறை மாற்றியாயிற்று. இப்பொழுது, பின்னச்சின் பற்சில்லுகளையே மாற்றவேண்டும் என்று ஓரிடத்திற் சொல்லிப் பெருந்தொகை கேட்டிருக்கின்றார்கள்.

"அம்மாவின்ரை கையிலை இன்னும் ரெண்டு காப்பு இருக்கு. அதையும் வைக்கலாமோ எண்டு கேக்கத்தான் வந்தனான்."

"கணக்குப் பார்க்காமல் காப்பைக் கழற்ற வேண்டாம், தம்பி" என்றேன்.

இங்கே சிறிது நின்று, விடயத்தை அடியிலிருந்து நோக்குவோம். துலா மிதித்துக் கிணற்றில் நீர் இறைத்த காலத்தை நம் முதியோர் அறிவர். துலாவின் நீண்ட கை நெடுந்தூரம் தாழ்ந்து உயரும்; குறுகிய கை சிறிது தூரமே அசையும். விசையிற் பெறுவதைத் தூரத்திற் கொடுத்தாக வேண்டும். தூரத்திற் பெறுவதை விசையிற் கொடுத்தாக வேண்டும். இரண்டையும் ஒருங்கே தரும் துலா உலகில் எங்கும் இல்லை. பற்சில்லு என்பதும் வட்டமாக வளைந்த ஒரு துலாவே.

தொண்ணூறுகளில் எரிபொருள் கிடையாது போர் சூழ்ந்திருந்த நாட்களில், குடாநாட்டின் பாரமெல்லாம் சைக்கிளிலேயே சென்றது. என் தந்தையாரும் வாழைக்குலைகளைச் சைக்கிளிற் கட்டித் திருநெல்வேலிச் சந்தைக்குக் கொண்டு செல்வார். அவருடைய சைக்கிளின் முன் பற்சில்லில் 44 பற்கள், பின்னதில் 18. மிதி ஒருமுறை சுற்ற, சில்லு ஏறக்குறைய இரண்டரை முறை சுற்றும். பாரத்துடன் எதிர்காற்றில் மிதிக்க முடியாமற் போகவே, பின்னே 22 பற்கள் கொண்டதைப் பூட்டினார். அதன்பின் ஒரு மிதிக்குச் சில்லு இரண்டு சுற்றுத்தான், பயணம் சற்றே தாமதித்தது, முழங்கால் பிழைத்தது. பிள்ளையாயிருந்த நான் பொறியியலில் முதற்பாடம் கற்றது அங்கேதான்.

பிக்கப் வண்டியிற் கணக்கு மறுபுறமாகச் செல்லும். சைக்கிளிற் சில்லு மிதியிலும் விரைந்து சுற்றுகின்றது. இங்கே சில்லு எஞ்சினிலும் மெதுவாகச் சுற்றவேண்டும். எஞ்சினின் சுழற்சி கியர்ப் பெட்டியூடாக நீண்ட தண்டொன்றின் வழியே பின்னச்சுக்கு வருகின்றது. அத்தண்டின் முனையில் பினியன் எனப்படும் சிறு பற்சில்லு. அதனாற் சுழற்றப்படுவது கிரவுண் எனப்படும் பெரிய பற்சில்லு. பினியனில் 10 பற்களும் கிரவுணில் 41 பற்களும் இருப்பின், 41ஐ 10 ஆல் வகுக்க 4.1. தண்டு 4.1 முறை சுற்றினாற்றான் சில்லு ஒருமுறை சுற்றும். இதுவே பின்னச்சு விகிதம்.

இவ்விகிதம் கூடினால் இழுவிசை கூடும். ஆனால் ஒரே வேகத்துக்கு எஞ்சின் அதிகமாகச் சுழலும். விகிதம் குறைந்தால் எஞ்சின் அமைதியாக ஓடும்; பாரத்துக்கோ மூச்சு வாங்கும். கணக்கிலே காண்போம். ரயரின் சுற்றளவு 2.1 மீற்றர் எனவும், நாலாங் கியரில் தண்டும் எஞ்சினும் ஒன்றாகச் சுழல்வதாகவும் கொள்க. மணிக்கு 80 கிலோமீற்றர் செல்ல, 3.6 விகிதத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,290 முறை சுழலும், 4.1 இல் 2,600 முறை, 4.6 இல் 2,920 முறை. ஐந்தாங் கியர் உள்ள வண்டிகளில் இவ்வெண்கள் இன்னும் குறையும்.

டீசல் எஞ்சினுக்கு இக்கணக்கு மிக முக்கியமானது. ருடோல்ப் டீசல் என்னும் ஜெர்மானியர் 1897 இல் அவுக்ஸ்பர்க் நகரில் தம் எஞ்சினை வெற்றியுடன் இயக்கிக் காட்டினார். அவ்வழி வந்த எஞ்சின்கள் பெற்றோல் எஞ்சின்களைப்போல மிகுந்த வேகத்திற் சுழல்வனவல்ல. நடுத்தரச் சுழற்சியிலேயே நல்ல இழுவிசை தருவன. அச்சு விகிதம் பொருந்தினால் எஞ்சின் தன் பலமுள்ள இடத்திலே நின்று உழைக்கும். பொருந்தாவிடின் திணறும், அல்லது வீணே இரையும்.

இனி மாணவனின் வண்டிக்கு வருவோம். அடுத்த ஞாயிறு காலை அவன் முற்றத்திற் கூடினோம். சமதரையில் வண்டியை நிறுத்தி, முன்சில்லுகளுக்கு இருபுறமும் கல் வைத்தோம். பின்சில்லு ஒன்றை மட்டும் ஜக்கினால் உயர்த்தி, அச்சின் கீழே உறுதியான தாங்கியும் வைத்த பின்னர், கியரை நடுநிலைக்குக் கொண்டுவந்து கைப்பிரேக்கைத் தளர்த்தினோம். வண்டியின் கீழ் ஒருவரும் செல்லவில்லை. இதனைச் செய்து பார்ப்போர் இவ்விதியை மீறுதல் கூடாது. ரயரிலும் தண்டிலும் சோக்கினாற் குறியிட்டோம். சில்லை நான் சுற்ற, உயர்தரம் படிக்கும் அவனுடைய தங்கை ஓரமாகக் குந்தியிருந்து தண்டின் சுற்றுக்களை எண்ணினாள். சில்லு 20 முறை சுற்றத் தண்டு 41 முறை சுற்றியது.

"அப்ப விகிதம் ரெண்டுதானே, சேர்?" என்றாள் அவள்.

நல்ல கேள்வி. பின்னச்சின் நடுவே டிபரன்சியல் எனப்படும் அமைப்பு உண்டு. வளைவிலே வெளிப்புறச் சில்லு உட்புறச் சில்லிலும் கூடுதலாகச் சுற்ற இடங்கொடுப்பது அதுவே. இரு சில்லுகளின் சுற்றுக்களைக் கூட்டி இரண்டால் வகுத்தால் வருவதே கிரவுணின் சுற்று. ஒரு சில்லு தரையிலே நிற்க, மற்றது 20 முறை சுற்றினால், கிரவுண் சுற்றியது 10 முறைதான். 41ஐ 10 ஆல் வகுக்க 4.1. ஆகவே பின்னச்சில் எவரும் கைவைக்கவில்லை. பாரம் இழுக்கும் பிக்கப்புக்கு அது தகுந்த விகிதமே.

பின் குற்றம் எங்கே? அளவு நாடாவை எடுத்தோம். பூட்டியிருந்த ரயரின் சுற்றளவு 2.4 மீற்றர். வண்டியின் கதவோரத் தகட்டிற் குறித்திருந்த ரயரோ ஏறத்தாழ 2.1 மீற்றர் சுற்றளவுடையது. முன்னைய உரிமையாளர் அழகுக்காகப் பெரிய ரயர்களைப் பூட்டியிருக்கின்றார்! ரயர் பெருத்தால் விகிதம் சிறுத்ததற்கு ஒப்பாகும். 4.1ஐ 2.1 ஆற் பெருக்கி 2.4 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 3.6. ஒரு பல்லையும் மாற்றாமலே, இழுவிசையில் எட்டில் ஒரு பங்கு பறிபோயிருக்கின்றது. எஞ்சின் திணற, கிளச்சை அரைவாசி மிதித்து அவன் ஈடுசெய்தான், கிளச் கருகியது.

வேகமானியும் பொய் சொல்லியிருக்கின்றது. அது 70 எனக் காட்டும்போது வண்டி உண்மையிற் சென்றது 80. ஓடிய தூரத்தையும் அவ்வாறே குறைத்துக் காட்டியமையால், டீசற் செலவு உள்ளதிலும் பெரிதாகத் தோன்றியது. 2022 யூலையில் எரிபொருளுக்குக் கியூ.ஆர். அட்டை வந்து, லீற்றர் லீற்றராக எண்ணி வாங்கிய நாட்களை மறவாத நமக்கு இஃது சிறிய விடயமன்று.

பெரிய ரயர்களை விரும்பியவர் ஒருவருக்கு விற்று, குறித்த அளவில் நான்கு ரயர்களை வாங்கினான். பற்சில்லுக்குக் கேட்ட தொகையின் ஒரு பகுதியே கையிலிருந்து சென்றது. அதே ஒழுங்கையில், அத்தனை குலைகளுடன், முதற் கியரிலே வண்டி மணமின்றி ஏறியது.

பின்னச்சுப் பற்சில்லை மாற்றுதல் என்றும் பிழை என்று நான் கூறவில்லை. நுவரெலியாவில் 1,800 மீற்றருக்கு மேலான உயரத்திலிருந்து மரக்கறி ஏற்றி, வளைந்து வளைந்து இறம்பொடை வழியே ஏறியிறங்குவோருக்கு உயர்ந்த விகிதம் வேண்டும். பாரமின்றி ஏ9 வீதியில் நெடுந்தூரம் ஓடுவோருக்குத் தாழ்ந்த விகிதம் போதும். ஒழுங்கையும் நெடுஞ்சாலையும் இரண்டும் உள்ள நீர்வேலித் தோட்டக்காரனுக்கு நடுத்தரமே நன்று. மாற்றுவதாயின், நாலு சில்லும் இழுக்கும் வண்டியில் முன்னச்சையும் பின்னச்சையும் ஒரே விகிதத்துக்கு மாற்றவேண்டும். அன்றேல் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து உடைந்துபோகும். விகிதம் கூடியமையால் வண்டி தாங்கும் பாரம் கூடிவிடாது. பிரேக்கும் வில்லும் பழையனவே என்பதையும் மறவற்க.

ஆகவே வண்டி வாங்கச் செல்வோர் முதலில் தம்மையே வினவுக. நான் ஏற்றும் பாரம் எவ்வளவு? செல்லும் வழி எத்தகையது? எவ்வேகத்தில் அதிகம் ஓடுவேன்? இவற்றுக்கு விடை கிடைத்த பின்னர், சோக்கும் அளவு நாடாவும் கொண்டு வண்டியிடம் வினவுக. அயலவர் வியப்பதைக் கணக்கிற் சேர்க்கவேண்டாம்.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி: பின்னச்சு விகிதம் 3.9, ரயரின் சுற்றளவு 2.2 மீற்றர். நாலாங் கியரில் மணிக்கு 80 கிலோமீற்றர் செல்ல, எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழலும்?

சென்ற வாரம் அவ்வீட்டுக்குப் போயிருந்தேன். அடைவு வைத்த நகைகள் இன்னும் மீளவில்லை. ஆயினும் வட்டி தவறாமற் செல்கின்றது. தாயார் தேநீர் கொண்டுவந்து தந்தார். கையில் இரண்டு காப்புகளும் இருந்தன.