போன் போதும் என்பவர்களுக்கு

"அதான் கையில போன் இருக்கே, தனியா ஒரு பெட்டி எதுக்கு?" தென்காசிப் பக்கம் மெமரி கார்டில் ஓடும் பாட்டுப் பெட்டி வாங்கக் கிளம்புகிற பெரியவர்களுக்குக் கிடைக்கிற முதல் பதில் இதுதான். கடைக்காரர் சொல்லாவிட்டால் கூட வந்த மகன் சொல்வான். அவனும் சொல்லாவிட்டால் வாங்க வந்தவரே தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வீடு திரும்பிவிடுவார். இவ்வளவு பேர் நம்புகிற கருத்தை ஒருவராவது உரசிப் பார்த்திருக்க வேண்டாமா?

ஆனி ஆடியில் சுந்தரபாண்டியபுரத்துக்கு வந்து பாருங்கள். சூரியகாந்தி பூத்த வயல்களைத் தேடிக் கேரளத்திலிருந்தெல்லாம் கார்கள் வருகின்றன. இறங்குகிறவர் எல்லார் கையிலும் போன். படம் எடுக்க அதைவிடத் தோதான கருவி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே ஊரில் களை எடுத்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு அது என்ன உதவி? குற்றாலத்துச் சாரல் இந்தப் பக்கமும் தூறும் காலம். கை ஈரம், விரலெல்லாம் சேறு. தொடுதிரை விரல் படுவதால் ஏற்படும் மின்மாற்றத்தை உணர்ந்து வேலை செய்வது. மேலே நீர் நின்றால் எது விரல், எது மழைத்துளி என்று அதற்கே குழம்பிவிடும். ஒரு பாட்டை மாற்றக் கை கழுவி, முந்தானையில் துடைத்து, பூட்டைத் திறந்து, விளம்பரத்தைத் தள்ளி... அதற்குள் பக்கத்து வரிசைக்காரி பாதி வயலைத் தாண்டியிருப்பாள். பொத்தான் வைத்த பெட்டிக்கு இந்த வம்பு கிடையாது. சேற்று விரலால் அமுக்கினாலும் அடுத்த பாட்டு வரும்.

'போனில் பாட்டு' என்று நாம் சொல்வது பெரும்பாலும் யூடியூபைத்தான். பணம் கட்டாதவர் திரையை அணைத்தால் அதில் பாட்டும் நின்றுவிடும். ஆகவே பாட்டுக் கேட்பதற்காகத் திரையை எரியவிட்டபடி போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். துணி உரசிப் பாட்டு மாறுகிறது, தெரியாத யாருக்கோ அழைப்பு போகிறது, மாலைக்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. வயக்காட்டில் பாம்பு கடித்தால் 108ஐக் கூப்பிட வேண்டிய கருவி அது. அதைப் பாட்டுக்குக் காவு கொடுப்பதா சிக்கனம்?

"நெட்டில் இல்லாத பாட்டு உண்டா?" என்பார்கள். உண்டு. கோயில் கொடையில் இரவெல்லாம் நடந்த வில்லுப்பாட்டை எவரோ அன்று டேப்பில் பிடித்து, பிறகு சிடியாக்கி, அங்கிருந்து மெமரி கார்டுக்கு மாற்றி வைத்திருப்பார். சுடலைமாடன் கதை அந்த ஊர்ப் புலவர் வாயிலிருந்து வந்தபடி அந்தக் கார்டில்தான் இருக்கும். கணியான் கூத்தும் அப்படியே. இணையத்தில் இருக்கிற பாட்டும் உங்களுடையது அல்ல. கூகுள் பிளே மியூசிக் 2020இல் மூடப்பட்டது. கானா 2022இல் இலவசச் சேவையை நிறுத்தியது. ஏர்டெல்காரர்கள் பழகிப்போயிருந்த விங்க் 2024இல் போய்விட்டது. இப்படி ஆகும்போது சேர்த்து வைத்த பட்டியல் கைவிட்டுப் போகலாம்; மறுபடி வேறோர் இடத்தில் முதலிலிருந்து தொடங்க வேண்டி வரலாம். 1992இல் வந்த 'ரோஜா' படத்தில் நாயகியின் ஊர் சுந்தரபாண்டியபுரம்தான். அன்று வாங்கிய அந்தப் பட கேசட் இன்றும் எவர் வீட்டுப் பெட்டியிலாவது கிடக்கும். நாடாவில் பூஞ்சை படர்ந்திருக்கலாம், அது வேறு. எந்தக் கம்பெனியும் வந்து அதை எடுத்துப்போக முடியாது.

ஆப்பிளே ஐபாடை நிறுத்திவிட்டதே என்பது எதிர்த்தரப்பின் பெரிய ஆயுதம். நிறுத்தியது உண்மை. 2001 அக்டோபரில் ஆயிரம் பாட்டு கொள்ளும் என்று சொல்லி வந்த ஐபாடுக்கு 2022 மே மாதம் அவர்கள் விடைகொடுத்தார்கள். பெரிய விலைக்குப் போன் விற்கிற நிறுவனம் சின்ன விலைக் கருவியைக் கைவிட்டது அதன் கணக்கு. நம் தேவைக்கு அது தீர்ப்பாகாது. நம் நாட்டில் நடந்ததைப் பாருங்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டாவைத் தண்ணீராக ஓடவிட்டது. மறு ஆண்டே சரிகம நிறுவனம் ஐயாயிரம் பழைய பாட்டுகளை ஏற்றி, இணையமே தேவைப்படாத கார்வான் என்ற பெட்டியை இறக்கியது. டேட்டா மலிந்த அதே நாட்களில் பிள்ளைகள் தங்கள் பெற்றோருக்கு அதை வாங்கிக் கொடுத்தார்கள். போன் போதுமென்றால் அது ஏன் விற்றது?

கார்வானுக்கு வக்காலத்து வாங்கவில்லை. விலை கூடுதல், அதில் பாதிக்கும் குறைந்த காசுக்கே தேவையானது கிடைக்கும். ஆனால் தனிப் பெட்டி வாங்குகிறவர்களும் தவறான அளவுகோலைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அட்டையில் ஆயிரக்கணக்கில் பி.எம்.பி.ஓ. வாட்ஸ் போட்டிருந்தால் சத்தம் பலம் என்று நம்புகிறார்கள். கைக்கடக்கமான பெட்டியின் பேட்டரியால் அதில் நூறில் ஒரு பங்குகூடத் தர முடியாது. அந்த எண் விற்பனைக்காக அச்சடித்தது. அடுத்த மயக்கம் ஜிபி. 128 கேபிபிஎஸ் எம்பி3யில் ஒரு நிமிடப் பாட்டு ஏறக்குறைய ஒரு எம்பி. ஐந்து நிமிடப் பாட்டானால் 32 ஜிபி கார்டில் ஆறாயிரத்துக்கு மேல் கொள்ளும். ஆயுசுக்கும் போதும். ஒரு டிபி என்று சில நூறு ரூபாய்க்கு விற்கும் கார்டுகள் போலி. கொஞ்சம் நிரம்பியதும் பழைய பாட்டைத் தின்னத் தொடங்கும். மலிவான பெட்டிகள் பல 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டை வாங்கவும் மாட்டா.

பார்க்க வேண்டியது பேட்டரியை. பின்மூடியைக் கழற்றினால் பழைய நோக்கியா போனில் இருந்த அதே பி.எல்-5சி உள்ளே இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். அது எந்தச் சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கும். பேட்டரியை உள்ளேயே ஒட்டிவைத்த பெட்டி இரண்டு வருடத்தில் குப்பைக்குத்தான். அணைத்து மீண்டும் போட்டால் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறதா என்று கடையிலேயே சோதியுங்கள். மூன்று மணிநேர வில்லுப்பாட்டைத் தினமும் காப்பு முதல் கேட்க யாராலும் ஆகாது. எஃப்.எம். கட்டாயம் இருக்கட்டும். போன்களில் எஃப்.எம். வசதியை முடக்க வேண்டாம் என்று 2023இல் மத்திய அரசே தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்த வேண்டியிருந்தது. வசதி இருக்கிற போனிலும் ஹெட்போன் வயர்தான் ஏரியல். வயர் செருகும் துளையையே இப்போது பல தயாரிப்பாளர்கள் எடுத்துவிட்டார்கள்.

வீடியோவும் ஓடுகிற சின்னத் திரைப் பெட்டியை மட்டும் வாங்காதீர்கள். படம் பார்க்கப் போனே மேல். அங்கே கடைக்காரர் சொல்வதுதான் சரி. இரண்டையும் ஒரு பெட்டியில் கேட்கும் ஆசையால்தான் முன்பு எம்பி4 என்ற பெயரில் வந்த சாமான்களை வாங்கி, படத்தை மாற்றித் தரச் சொல்லிக் கம்ப்யூட்டர் சென்டர் வாசலில் நின்றோம்.

தீபாவளிக்கு ஊருக்கு வருகிற பிள்ளைகளே, அம்மாவிடம் என்னென்ன பாட்டு வேண்டும் என்று கேட்டு எழுதி, நீங்களே கார்டில் ஏற்றிக் கொடுங்கள். பெட்டியை அவர் கையில் தந்துவிட்டு ஒன்றும் சொல்லிக்கொடுக்காமல் நில்லுங்கள். அவராகவே பாட்டைப் போட முடியாவிட்டால் மறுநாளே கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்குங்கள்.