லயம் போகட்டும், அயல் போகலாமா?

"அண்டை அயலா நமக்குச் சோறு போடப் போகிறது? அவனவன் கதவை அவனவன் சாத்திக்கொண்டு, அவனவன் பாட்டைப் பார்த்தால் போதும்!"

இப்படியொரு பேச்சு நம்மவரிடையே உலவி வருகிறது. தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடி போனவர் பேசுகிறார். போகக் காத்திருப்பவரும் பேசுகிறார். கிராணிமார் வீட்டிலும் கேட்கிறது, லயத்திலும் கேட்கிறது. இந்தப் பேச்சு பிழை என்கிறோம் நாம். தொழிலாளியின் கையை முறிக்கும் பேச்சு என்கிறோம். ஏன் என்று கேளுங்கள்.

சோறு போட்டது யார்?

சேமநிதிச் சட்டம் இந்நாட்டுக்கு வந்தது 1951-ல். சொக்சோ என்று நாம் சொல்லும் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1969-ல். நம் முன்னோர் காட்டை அழித்துக் கன்று நட்டு, பால் வெட்டத் தொடங்கியதோ சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலே. இடைப்பட்ட அத்தனை ஆண்டுகளிலும், மலேரியாக் காய்ச்சலில் படுத்து எழுந்திராமல் போனவனின் பெண்டாட்டி பிள்ளைகளுக்குக் கஞ்சி வார்த்தது எது? பக்கத்து வீட்டு அடுப்பு. பாடை கட்ட மூங்கில் வெட்டியவன் யார்? எதிர் லயத்துக்காரன். செலவுக்குப் பணம்? சம்பள நாளன்று துண்டை விரித்து வீட்டுக்கு வீடு பிரித்தார்கள்.

விடியுமுன் பெரட்டுக்கு ஓடிய தாய், கைப்பிள்ளையை எங்கே விட்டுப் போனாள்? ஆயாக் கொட்டகை திறக்கும் வரை பக்கத்து வீட்டுக் கிழவியின் மடியில். அந்தக் கிழவி கூலி கேட்டாளா? வருடக் கடைசி மழை பிடித்துக்கொண்டு, பத்து நாள் வெட்டு இல்லாமல் போனபோது, இரண்டு டின் அரிசி சுவரைத் தாண்டி வந்ததே, அதற்கு யார் வட்டி போட்டார்கள்?

ஜப்பானியர் ஆட்சியில், 1942-க்கும் 1945-க்கும் இடையே, தோட்டத்து ஆண்களைச் சயாம் ரயில் பாதைக்குத் திரட்டிக்கொண்டு போனார்கள். பல்லாயிரம் தமிழர் அங்கே மாண்டனர். லயத்தில் எஞ்சிய பெண்களும் பிள்ளைகளும் மரவள்ளிக் கிழங்கை அவித்துப் பங்கிட்டுக்கொண்டு உயிரைப் பிடித்திருந்தார்கள். தாயும் தகப்பனும் இல்லாமல் போன பிள்ளைகளை எடுத்து வளர்த்தவள் எந்தச் சட்டத்தைப் படித்துவிட்டு வளர்த்தாள்? அவள் படித்தது அயல் என்ற ஒரே பாடத்தைத்தான்.

ஆகவே, "அயலா சோறு போடும்?" என்று கேட்கும் நண்பரே, உமது பாட்டியைக் கேட்டுப் பாரும். போட்டது என்பாள்.

துரைமார் அறிந்திருந்தார்கள்

நாம் மறந்துவிட்ட இந்த உண்மையை முதலாளிமார் ஒருநாளும் மறந்ததில்லை. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய கோரிக்கைப் பட்டியலைப் படித்துப் பாருங்கள். சம்பள உயர்வு கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடு என்றார்கள். துரை முன்னால் சைக்கிளை விட்டு இறங்கமாட்டோம் என்றார்கள். அவற்றோடு இன்னொன்றும் இருந்தது: உறவினரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்துபோக வேண்டும்!

அண்ணனைப் பார்க்கத் தம்பி வருவதற்கும் துரையின் தயவு வேண்டியிருந்தது என்றால், அதன் பொருள் என்ன? ஒரு தோட்டத்துக்காரன் இன்னொரு தோட்டத்துக்காரனோடு திண்ணையில் உட்கார்ந்து பேசினால், நாளை இருவரும் சேர்ந்து சம்பளம் கேட்பார்கள் என்று துரைக்குத் தெரியும். அதனால்தான் அயலுக்கு வேலி போட்டான். அந்தப் போராட்டத்தின் தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் சுட்டதில் ஐந்து தொழிலாளர் உயிர் விட்டனர். சொந்தக்காரன் வீட்டுக்கு வந்துபோகும் உரிமை, உயிர் கொடுத்துக் கேட்ட உரிமைகளில் ஒன்று என்பதை நினைவில் வையுங்கள்.

1954-ல் தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் ஒன்றாகி, தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அதன் கிளைகள் எங்கே வேர் பிடித்தன? பைப்படியில், கோயில் வாசலில், பால் கொட்டகையில். பக்கத்து வீட்டுக்காரனை நம்பாதவன் சங்கத்துக்குச் சந்தா கட்டுவானா? அயல்தான் தொழிலாளியின் முதல் சங்கம். அதற்கு ரசீதுப் புத்தகம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இருபது நாள் கணக்கு

இந்த முதல் சங்கம் எப்படி உடைந்தது? ஒரே நாளில் உடையவில்லை. தவணை தவணையாக உடைத்தார்கள்.

1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் துண்டு துண்டாகக் கூறு போட்டு விற்றார்கள். 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் ஆராய்ந்து அறிக்கை எழுதும் அளவுக்கு அது பெரும் கேடாக வளர்ந்தது. மரம் பத்துப் பேர் கைக்குப் போயிற்று; லயம் நாலு திசைக்குப் போயிற்று.

அப்போது எதிர்த்து நின்றதும் அயல்தான். 1960-ல் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்டுப் பங்கு சேர்த்தார்கள். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார்கள். தனியொருவன் பத்து வெள்ளியால் ஒரு மரத்தைக்கூட வாங்க முடியாது. லயம் லயமாகப் போட்ட பத்து வெள்ளி தோட்டத்தையே வாங்கிற்று.

பிறகு 1969 வந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற சட்டத்தால் பல்லாயிரம் பேர் தமிழகத்துக்குக் கப்பலேறினார்கள். இங்கே பிறந்த பிள்ளைகளை இங்கேயே விட்டுப் போனவர்களும் உண்டு.

நம் ஜொகூருக்கு வருவோம். ஜொகூர் பாருவின் மவுண்ட் ஆஸ்டினை இன்றைய இளைஞர்கள் கடைத்தெருவாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் அறிவார்கள். அது ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். பெயர் இருக்கிறது, மரம் இல்லை, லயம் இல்லை. 2006-ல் இஸ்கந்தர் வளர்ச்சித் திட்டம் வந்தபின் தென் ஜொகூரில் நிலத்தின் விலை ஏறிற்று. மற்ற இடங்களில் ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். இன்று இந்நாட்டு ரப்பர் நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சிறுதோட்டக்காரர் கையில் இருக்கிறது. பெருந்தோட்டத்து லயங்கள் ஒவ்வொன்றாகக் காலியாகின்றன.

வளர்ச்சி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஒழுகும் தகரக் கூரைக்கு நாம் ஒப்பாரி வைக்கவுமில்லை. அந்தக் கூரை போகட்டும்! நாம் கேட்பது வேறு. 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஐந்தாண்டும் அதற்கு மேலும் உழைத்தவரை ஆட்குறைப்புச் செய்தால், ஆண்டுக்கு இருபது நாள் சம்பளம் கொடுக்க வேண்டும். முப்பது ஆண்டு பால் வெட்டியவருக்கு அறுநூறு நாள் சம்பளம். சரி, வாங்கிக்கொள்கிறோம். ஆனால் முப்பது ஆண்டுகளில் அவர் தேடிய அயலுக்கு எத்தனை நாள் சம்பளம்? பிள்ளையைப் பார்த்துக்கொண்ட கிழவிக்கு என்ன விலை? கல்யாணத்துக்கு வாடகை இல்லாமல் கொடுத்த கோயில் அண்டாவுக்கும், நோயாளியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன தோள்களுக்கும் எந்த விதியில் கணக்கு இருக்கிறது? முதலாளியின் பேரேட்டில் அதற்குப் பத்தி இல்லை. ஆகவே கொடுக்காமலே பறித்துக்கொள்கிறான்.

பணத்தை வாங்கிக்கொண்டு ஒருவர் மாசாய்க்கும், ஒருவர் கூலாய்க்கும், ஒருவர் பாசிர் கூடாங்குக்கும் பிரிகிறார்கள். அடுக்குமாடியில் நாலாவது மாடி. எதிர்க் கதவில் யார் என்று தெரியாது. தாய் தகப்பன் இருவரும் ஃபேக்டரியில் இருக்கும்போது, பள்ளி விட்டு வந்த பையன் எங்கே சுற்றுகிறான் என்று கேட்க ஆளில்லை. லயத்தில் அவனை அதட்ட இருபது மாமாக்கள் இருந்தார்கள். இங்கே அவனைத் தேடி வருகிறவர் முதலில் கும்பல்காரர், பிறகு போலீஸ்காரர். "தமிழ்ப் பிள்ளைகள் கெட்டுவிட்டார்கள்" என்று மேடையில் உருகும் பெரிய மனிதர்களே, பிள்ளை கெடவில்லை. அவனைப் பார்த்துக்கொண்ட கண்களை நீங்கள்தான் பிரித்து அனுப்பினீர்கள்!

வெள்ளமும் இதைத்தான் சொல்கிறது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி, சிகாமட், மூவார், பத்து பகாட் வட்டாரங்கள் நீரில் மூழ்கின. 2023 மார்ச்சில் சிகாமட்டிலும் பத்து பகாட்டிலும் மறுபடியும் தண்ணீர். மீட்புப் படகு வந்து சேர நேரமாகும். நடுநிசியில் கதவைத் தட்டி, "ஆத்தா, தண்ணி ஏறுது, எழுந்திரு" என்று சொல்ல, உள்ளே கால் நடக்க முடியாத கிழவி இருக்கிறாள் என்பது தெரிந்த ஒரு மனிதன் பக்கத்தில் வேண்டும்.

நம் கையிலும் அழுக்குண்டு

முதலாளியை மட்டும் குறை சொல்லி முடித்தால் நாம் நேர்மையற்றவர்கள். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். நாமே எத்தனை முறை இரண்டுபட்டோம்!

ஒரே லயத்தில் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, "அவன் என்ன சாதி?" என்று கேட்டோம். ஒரே மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு, யார் முதலில் தேர்வடம் பிடிப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டோம். சம்பள நாளில் கள்ளுக்கடையில் கூடியவர்களில் பாதிப் பேர் சங்கக் கூட்டத்துக்கு வரவில்லை.

கிராணிமாரே, உங்களிடமும் ஒரு வார்த்தை. உங்கள் வீடு மேட்டில், லயம் பள்ளத்தில். கிள்ளானில் தொழிலாளர் 'கறுப்பு ஐரோப்பியர்' என்று வெறுத்துச் சொன்னது யாரை என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆனால் நல்ல கிராணியும் இருந்தார். 1957-ல் விடுதலை வந்தபின், பெரட்டு முடிந்து வந்தவனை உட்காரவைத்துக் குடியுரிமைப் பாரத்தை நிரப்பிக் கொடுத்தவர் அவர். அப்படி ஒருவர் இருந்த தோட்டத்தில், 1969-ல் கப்பலேறாமல் தப்பிய குடும்பங்கள் உண்டு. "அது என் வேலையில்லை" என்று ஜன்னலைச் சாத்தியவரும் இருந்தார். எழுத்தறிந்தவன் அயலானாக இருந்ததும் இல்லாததும் ஒரு குடும்பத்தின் தலைவிதியாயிற்று! இன்றும் பிறப்புப் பத்திரமோ அடையாளக் கார்டோ இல்லாமல் தவிக்கும் பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். உங்கள் பேனா இன்றும் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. தோட்டம் மூடப்படும் நாளில் உங்கள் மேசையும் வெளியே வரும் என்பதை மறவாதீர்.

இன்னும் ஒன்று. நாம் விட்டுவந்த லயங்களில் இன்று இந்தோனேசியரும் வங்காள தேசத்தவரும் நேப்பாளியரும் குடியிருக்கிறார்கள். "அந்நியன்" என்று முகத்தைத் திருப்புகிறோம். நம் தாத்தா ஒரு தகரப்பெட்டியோடு கப்பலை விட்டு இறங்கியபோது அவர் யார்? அயலை நம் தோலின் நிறத்துக்குள் மட்டும் அடைத்தால், அது அயல் ஆகாது, இன்னொரு வேலி.

செய்ய வேண்டியது

தோட்டம் விற்கப்பட்டாலும் மாற்றப்பட்டாலும், குடியிருப்போரை வெளியேற்றுமுன் அவர்களுக்கு ஒரே இடத்தில், அடுத்தடுத்து வீடு தரப்படவேண்டும். கோயிலுக்கும் தமிழ்ப் பள்ளிக்கும் ஆயாக் கொட்டகைக்கும் அங்கே நிலம் ஒதுக்கவேண்டும். காசை நீட்டிச் சிதறச் சொல்வதை நாம் ஏற்க மாட்டோம். இது அரசாங்கத்திடமும் முதலாளிமாரிடமும் நமது கோரிக்கை.

நம்மிடமே நமக்குள்ள கோரிக்கைகளும் உண்டு. தாமானுக்குப் போனவர்கள், 1975 முதல் இந்நாட்டில் இருந்துவரும் ருக்குன் தெத்தாங்காவில் பெயர் கொடுங்கள். மலாய், சீன அயலாரோடு இரவுக் காவலுக்கும் கோத்தோங் ரோயோங்குக்கும் இறங்குங்கள். அடுக்குமாடி தோறும் மரண உதவி நிதி ஒன்று தொடங்குங்கள். வாரத்தில் ஒரு மாலை, படித்தவர் ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்து பாரம் எழுதிக் கொடுக்கட்டும். இன்று மாலையே எதிர்க் கதவைத் தட்டிப் பெயர் கேளுங்கள். இதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. அந்த அனுமதிக்காக 1941-லேயே நம்மவர் விலை கொடுத்துவிட்டார்கள்.

லயம் அவர்கள் கட்டியது, அவர்கள் இடிக்கட்டும். அயல் நாம் கட்டியது. அதை இடிக்க நாமே கை கொடுக்கலாமா, தோழர்களே?

கதவுகள் திறக்கட்டும்! தொழிலாளர் ஒற்றுமை ஓங்கட்டும்!