துப்பாக்கி வாங்கித் தருகிறோம் என்பவர்களிடம் கேட்க வேண்டியவை

சட்டமன்றத் தேர்தல் காலத்தில் நம் பகுதி விவசாயிகளுக்குத் தரப்படும் வாக்குறுதிகளில் கடன், மின்சாரம், வாய்க்கால் தண்ணீர் ஆகியவற்றோடு இப்போது துப்பாக்கியும் சேர்ந்துகொண்டிருக்கிறது. "பன்றி சுடத் துப்பாக்கி லைசென்சு வாங்கித் தருகிறோமுங்க" என்று சொன்னால் கைதட்டாத மலையடிவார ஊர் இல்லை. விடிந்து பார்த்தால் அரை ஏக்கர் மக்காச்சோளம் மடிந்து கிடக்கும் தோட்டக்காரருக்கு அந்தப் பேச்சு இனிக்கத்தான் செய்யும். அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால், அந்த வாக்குறுதியைத் தருபவருக்கு அதை நிறைவேற்றும் அதிகாரம் உண்டா என்று பார்த்துவிட்டு ஓட்டைப் பற்றி யோசிப்பது நல்லது.

அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு வழக்கம் இருக்கிறது. 1871ல் ஏற்பட்ட தேசிய ரைபிள் சங்கம், மாநிலச் சட்டமன்றத்துக்கு நிற்பவர்கள் உட்பட வேட்பாளர்களுக்குத் துப்பாக்கி உரிமை விஷயத்தில் ஏ முதல் எஃப் வரை தரம் போட்டு வெளியிடுகிறது. அங்கே ஆயுதம் வைத்திருப்பது 1791 முதல் அரசியலமைப்பிலேயே எழுதப்பட்ட உரிமை. நமக்கு அப்படி இல்லை. இங்கே துப்பாக்கி என்பது அரசாங்கம் லைசென்சு கொடுத்தால் மட்டும் வைத்துக்கொள்ளக்கூடிய பொருள். ஆகவே அவர்கள் தரம் போடும் முறை நமக்கு ஒத்துவராது. ஆனாலும் வேட்பாளரை நிறுத்திக் கேள்வி கேட்டு, பதிலை எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கம் நல்ல பழக்கம். அதை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் யாருக்கு எது சொந்தம் என்று பார்ப்போம். அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் ஆயுதங்களும் வெடிபொருள்களும் மத்திய அரசின் பட்டியலில் இருக்கின்றன. அதன்படி நடைமுறையில் இருப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். அதைச் சென்னையில் உட்கார்ந்து யாரும் மாற்ற முடியாது. ஆனால், லைசென்சு மனு போவது நம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு. மாநகரக் காவல் எல்லைக்குள் இருந்தால் ஆணையர் அலுவலகத்துக்கு. அறிக்கை தர வேண்டியது நம் ஊர்க் காவல் நிலையம். சட்டம் டெல்லியில் இருந்தாலும் கட்டுக் காகிதம் இங்கேதான் தூங்குகிறது. அதை எழுப்புவதற்கு ஒரு சட்டமன்ற உறுப்பினரால் முடியும்.

அந்தச் சட்டத்தில் சிறு விவசாயி தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. பயிர்ப் பாதுகாப்புக்கென்று உண்மையாகவே கேட்கிற இந்தியக் குடிமகனுக்கு, வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்சு தர 13ஆம் பிரிவு வழிவகை செய்கிறது. லைசென்சுப் புத்தகத்தில் எஸ்.பி.எம்.எல். என்று எழுதியிருப்பது இந்த ரகம்தான். அது போதாது என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால், 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உடைய, உள்ளே வரியில்லாத வேறு துப்பாக்கிக்கும் தரலாம். போதிய சொத்து இல்லை என்பதை மட்டும் காரணமாகக் காட்டி மனுவைத் தள்ளக்கூடாது என்று 14ஆம் பிரிவு சொல்கிறது. இரண்டு ஏக்கர்காரர், "நமக்கெல்லாம் யார் கொடுப்பார்கள்" என்று மனுப் போடாமலே இருந்துவிடுகிறார். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், கேட்டால் பெரும்பாலும் அதைத் தெரிவிக்கவும் வேண்டும், மேல்முறையீடும் உண்டு. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு லைசென்சின் காலம் மூன்று ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டாகியிருக்கிறது. வேட்பாளருக்கு இவ்வளவாவது தெரிந்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். கையில் லைசென்சு துப்பாக்கி இருந்தாலும் பன்றியைச் சுட முடியாது. இதை மேடையில் யாரும் சொல்வதில்லை. பன்றி 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் அடங்கியது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. அதைக் கொல்ல வேண்டுமானால், மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளரோ, அவர் அதிகாரம் கொடுத்த அலுவலரோ எழுத்து மூலம் அனுமதி தர வேண்டும். நிற்கும் பயிருக்குச் சேதம் என்பது அனுமதிக்குப் போதுமான காரணம் என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. மயில் விஷயம் வேறு. அது முதல் அட்டவணை. கை வைத்தால் மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை. மயிலுக்கும் துப்பாக்கி என்று பேசுகிறவரை மேற்கொண்டு கேள்வி கேட்க வேண்டியதில்லை.

ஆகவே நம் தொல்லைக்குச் சாவி ஆயுதச் சட்டத்தில் இல்லை, வன உயிரினச் சட்டத்தில் இருக்கிறது. வன உயிரினப் பாதுகாப்பு 1976ஆம் ஆண்டின் 42ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால் பொதுப் பட்டியலுக்கு வந்தது. மத்திய அரசும் மாநில அரசும் இரண்டுமே சட்டம் செய்யலாம். மாநிலச் சட்டம் மத்தியச் சட்டத்தோடு மோதினால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். ஜல்லிக்கட்டுக்காக 2017ல் நம் சட்டமன்றம் இப்படித்தான் ஒரு மத்தியச் சட்டத்துக்குத் திருத்தம் செய்தது. உச்ச நீதிமன்றமும் 2023ல் அதை ஏற்றுக்கொண்டது. கேரளச் சட்டமன்றம் 2025ல் வன உயிரினச் சட்டத்துக்கே ஒரு திருத்த மசோதாவை நிறைவேற்றியது. காங்கேயம் காளைக்குச் செய்ய முடிந்ததை மக்காச்சோளத்துக்குச் செய்ய முடியுமா, அதற்கு உங்கள் கட்சி தயாரா என்று கேட்பதில் தவறில்லை. "எங்கள் கையில் ஒன்றுமில்லை, எல்லாம் மத்திய அரசு" என்று தப்பிக்க இடம் கொடுக்காதீர்கள்.

தமிழ்நாட்டில் ஒரு பாதி வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது. 2025 ஜனவரியில் அன்றைய வனத்துறை அமைச்சர் பொன்முடி சட்டமன்றத்தில் ஓர் ஏற்பாட்டை அறிவித்தார். காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். காகிதத்தில் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் அமராவதி அணைப் பக்கமும் திருமூர்த்தி மலைப் பக்கமும் அதிகச் சேதம் காண்கிற தோட்டங்கள் பெரும்பாலும் அந்த முதல் கிலோமீட்டரில் இருக்கின்றன. கூண்டில் பிடித்துக் காட்டில் விட்ட பன்றி, ருசி கண்ட தோட்டத்துக்குத் திரும்பி வருவதற்கு வழி கேட்க வேண்டியதில்லை. ஓர் ஈற்றில் நாலு முதல் ஆறு குட்டி போடும் பிராணி அது.

கேரளத்தில் 2022 முதல் வேறு முறை. ஊராட்சித் தலைவருக்கே உத்தரவிடும் அதிகாரம் கொடுத்து, பட்டியலில் பதிந்துகொண்ட லைசென்சுதாரர்களைக் கொண்டு சுடுகிறார்கள். அங்கே துப்பாக்கி எல்லார் கையிலும் இல்லை; ஊருக்குச் சிலர், பெயர் தெரிந்தவர்கள், பொறுப்புச் சொல்ல வேண்டியவர்கள். பன்றியைத் தீங்கு விலங்காக அறிவிக்கும்படி கேரளம் மத்திய அரசைக் கேட்டது, கிடைக்கவில்லை. பீகாரிலும் உத்தராகண்டிலும் 2015, 2016ஆம் ஆண்டுகளில் சில மாவட்டங்களுக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு அப்படி அறிவித்ததும் உண்டு. பக்கத்து மாநிலம் கேரளத்தின் ஏற்பாட்டை நம் வேட்பாளர் படித்திருக்கிறாரா? வேண்டும் என்கிறாரா, வேண்டாம் என்கிறாரா? வேண்டாம் என்றால் மாற்று என்ன?

என் கருத்தைக் கேட்டால், தோட்டத்துக்கு ஒரு துப்பாக்கி என்பதை நான் ஆதரிக்க மாட்டேன். நம் பகுதியின் அமைப்பைச் சற்று நினைத்துப் பாருங்கள். அவினாசியிலும் பல்லடத்திலும் தோட்டத்துக்கு நடுவிலேயே லைன் வீடுகள் எழும்பிவிட்டன. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் அங்கே குடியிருக்கிறார்கள். பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடிந்து பின்னிரவில் வரப்புப் பாதையில் சைக்கிளிலும் நடந்தும் வருகிறார்கள். பன்றி வருவதும் அதே நேரம், அதே ஓடைக்கரை. ஆளுயரச் சோளத்தட்டுக்குள் இலை அசைந்தால் அது பன்றியா மனிதனா என்று இருட்டில் யார் சொல்வது? குடகு நாட்டில் கொடவர்களுக்கும் ஜம்மா நிலக்காரர்களுக்கும் லைசென்சு இல்லாமலே துப்பாக்கி வைத்துக்கொள்ள விலக்கு இருக்கிறது. 2019ல் அது 2029 வரை நீட்டிக்கப்பட்டது. அங்கே பரந்த காப்பித் தோட்டம், தலைமுறைப் பழக்கம். இங்கே ஆறு சென்ட் இடைவெளியில் அடுத்த வீடு.

துப்பாக்கி கிடைக்காத கோபத்தில் சிலர் செய்யும் காரியம் அதைவிட ஆபத்தானது. வேலியில் திருட்டு மின்சாரம் விடுவது, அவுட்டுக்காய் வைப்பது. அவுட்டுக்காயைப் பன்றிதான் கடிக்க வேண்டும் என்று இல்லை. பசுவும் கடிக்கும், யானையும் கடிக்கும், வாய் சிதைந்து தீனி எடுக்க முடியாமல் சாகும். மின்வேலியில் விழுவது சில சமயம் வைத்தவரே. இந்த இரண்டையும் கண்டும் காணாமல் விடுகிறேன் என்று ஓட்டுக்காகச் சொல்பவர் விவசாயிக்கு நண்பர் அல்லர்.

பன்றி ஏன் இவ்வளவு பெருகி ஊருக்குள் வந்தது என்பதையும் பேசத்தான் வேண்டும். முன்பு கடலைக்காட்டில் பரண் கட்டி, ராத்திரி முழுவதும் தகரம் தட்டிக் காவல் இருந்தார்கள். அந்த ஆள் இன்று கம்பெனி வேனில் ஏறிப் போகிறார். கூலி கட்டுபடியாகாமல் மேட்டாங்காடுகள் தரிசாகக் கிடக்கின்றன. சைட் போட்டு விற்காமல் கிடக்கும் மனைகளும் அப்படியே. ஓடை, பள்ளம், குளம் எங்கும் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. மலையிலிருந்து இறங்கிய பன்றிக்கு அது பகல் விடுதி. போதாததற்குக் கோழித் தீவனத்துக்காக மக்காச்சோளம் பெருகிவிட்டது. அது பன்றிக்குச் சாப்பாடும் மறைவும் சேர்த்துக் கொடுக்கிற பயிர். தமிழ்நாடு அரசு 2022ல் அந்நியக் களைத்தாவரங்களை அகற்ற ஒரு கொள்கையே வெளியிட்டிருக்கிறது. நம் தொகுதி ஓடைகளில் அதன்படி எத்தனை ஏக்கர் கருவேலம் எடுக்கப்போகிறீர்கள் என்ற கேள்வி, துப்பாக்கிக் கேள்வியைவிடப் பெரியது என்று நான் நினைக்கிறேன். அதுவரை மக்காச்சோளத்தைச் சுற்றி ஆமணக்கு நெருக்கமாக நாலு வரிசை, கடலையைச் சுற்றி முள்ளுள்ள குசும்பா என்று நட்டுவைப்பது செலவு குறைந்த வழி. முழுத் தடுப்பு ஆகாது, சேதம் குறையும்.

இன்னொரு விஷயம் தேர்தலோடேயே வருவது. தேர்தல் அறிவித்தவுடன் லைசென்சு துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். 2021ல் பிப்ரவரி 26ஆம் தேதி தேர்தல் அறிவிக்கப்பட்டது. மே 2ஆம் தேதிதான் எண்ணிக்கை. இரண்டு மாதத்துக்கு மேல். மாசிப் பட்டத்துக் கடலையும் மக்காச்சோளமும் காட்டில் நிற்கும் காலம் அது. ஆனால் எல்லாரிடமும் ஒட்டுமொத்தமாக வாங்கிவிட வேண்டும் என்பது விதி அல்ல. ஜாமீனில் இருப்பவர், குற்றப் பின்னணி உள்ளவர், முன்பு தேர்தல் கலவரத்தில் சேர்ந்தவர் ஆகியோரின் லைசென்சுகளை முக்கியமாகப் பரிசீலிக்க வேண்டும் என்பதே தேர்தல் ஆணையத்தின் வழிகாட்டுதல். காரணமின்றிப் பொதுவாக வாங்கக் கூடாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. எனவே பயிர்ப் பாதுகாப்புத் துப்பாக்கி வைத்திருப்பவர், விலக்குக் கேட்டு மாவட்டப் பரிசீலனைக் குழுவுக்கு எழுத்தில் மனுக் கொடுக்கலாம். அறிவிப்பு வந்த முதல் வாரத்திலேயே கொடுப்பது நல்லது. மறுத்துவிட்டால் துப்பாக்கியை ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் ஒளித்து வைத்தால் பிறகு புதுப்பிப்பதே சிக்கலாகிவிடும்.

மாவட்டத்தின் எட்டுத் தொகுதிக்கும் ஒரே கேள்வி பொருந்தாது. உடுமலை, மடத்துக்குளத்தில் முதல் கிலோமீட்டர் தோட்டங்களுக்கு என்ன வழி, நட்ட ஈடு எத்தனை நாளில் வரும், சேதம் பார்க்க வனவர் வருவதற்குள் காடு காய்ந்துவிடுகிறதே என்று கேட்க வேண்டும். காங்கேயம், தாராபுரத்தில் ஊதியூர் மலை போன்ற சிறு காடுகளையும் சேர்த்துத்தான் மூன்று கிலோமீட்டர் அளக்கிறார்களா என்று கேட்க வேண்டும். பல்லடம், அவினாசிக்கு மயில் சேதத்துக்கு என்ன ஏற்பாடு என்பதே முதல் கேள்வி. திருப்பூர் வடக்கிலும் தெற்கிலும் விளைநிலம் குறைவு. அங்கே நொய்யல் கரைக் கருவேலத்தைப் பற்றிக் கேட்டால் போதும்.

கேட்கப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். சர்வே எண், பட்டா நகல், சேதமான பயிரின் தேதியிட்ட புகைப்படம், காப்புக்காட்டு எல்லையிலிருந்து உங்கள் தோட்டம் எத்தனை கிலோமீட்டர் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு எழுதிய குறிப்பு ஆகியவற்றை ஒரு தாளில் சேர்த்து, ஊரில் பத்துப் பேர் கையெழுத்திட்டு, எல்லா வேட்பாளர்களுக்கும் ஒரே பிரதியைக் கொடுங்கள். ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும்.