காருக்கு நாமே பெயிண்ட் அடிக்கலாமா?

வாரத்தில் ஆறு நாள் கம்பெனி, ஏழாவது நாள் வண்டி. திருப்பூர் ராயபுரம் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கெட்டும் பனியன் துணியுமாக யாராவது ஒருவர் வாசலில் கார் துடைத்துக்கொண்டிருப்பார். துடைத்து முடித்ததும் குனிந்து கதவின் அடிப்பக்கம் பார்ப்பார். அங்கே பெயிண்ட் கொப்பளித்திருக்கும். விரலால் நோண்டினால் பொருபொருவென்று துரு உதிரும். 'பட்டறைக்குக் கொண்டுபோனால் பெரிய தொகை சொல்வார்களே, நாமே அடித்தால் என்ன?' என்ற யோசனை அங்கேதான் பிறக்கிறது.

செல்போனைத் திறந்தால் பத்து நிமிட வீடியோவில் யாரோ ஒருவர் பழைய காரைப் புதுசாக்கிக் காட்டுகிறார். ஆசை இன்னும் கூடுகிறது.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முக்கால்வாசி வேலையை நீங்களே தாராளமாகச் செய்யலாம். கடைசிக் கால்வாசியை வீட்டில் வைத்துச் செய்யவே கூடாது. எது முக்கால், எது கால் என்பதுதான் இந்த வாரச் சங்கதி.

வெளுப்பு முதலில், சாயம் பிறகு

சாயப்பட்டறை தெரிந்த ஊருக்கு இதை விளக்குவது சுலபம். நிட்டிங் மெஷினிலிருந்து இறங்கிய கிரே துணியை அப்படியே சாயத்தில் போட்டால் என்ன ஆகும்? திட்டுத் திட்டாக ஏறும். நிட்டிங் ஆயிலும் பருத்தியின் இயற்கை மெழுகும் போக முதலில் அதைக் காய்ச்சி வெளுக்க வேண்டும். ஷேடு நன்றாக வருமா, வராதா என்பது பாதி அங்கேயே முடிவாகிவிடும்.

காரும் அப்படித்தான். கலர் அடிப்பது சில மணி நேர வேலை. அதற்கு முன்னால் கழுவுவது, துரு எடுப்பது, பட்டி வைப்பது, தேய்ப்பது ஆகியவைதான் நாள்கணக்கில் நேரத்தைத் தின்னும். அவசரப்பட்டு இவற்றை விட்டுவிட்டு மேலே எவ்வளவு விலை உயர்ந்த பெயிண்டை அடித்தாலும், சில மாதங்களில் பொருக்குத் தட்டிக் கழன்று வரும்.

கார் தொழிற்சாலையில் இரும்பு உடம்பை முழுசாகக் கழுவி, ப்ரைமர் தொட்டிக்குள் அப்படியே முக்கி, மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். மூலை முடுக்கெல்லாம் ப்ரைமர் பிடித்துக்கொள்ளும். கடைசியில் கலரையும் கிளியர் கோட்டையும் சுமார் 140 டிகிரி செல்சியஸ் சூட்டில் வாட்டி எடுக்கிறார்கள். அத்தனை கோட்டும் சேர்ந்தாலும் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கனம்தான்.

ஓடுகிற காரை அப்படிச் சுட முடியாது. ஒயரும் பிளாஸ்டிக்கும் டயரும் என்ன ஆவது? அதனால் பட்டறைகளில் ஹார்டனர் கலந்த பெயிண்டைப் பயன்படுத்துகிறார்கள். அது சாதாரணக் காற்றிலோ, 60 டிகிரி அளவு சூட்டிலோ இறுகிவிடும். இந்த ஹார்டனரைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், மறுபடி வருகிறேன்.

கார் பெயிண்ட் சீக்கிரம் காய்வது என்பதே நூறு வருடத்துச் சமாச்சாரம்தான். அதற்கு முன்னால் பிரஷ்ஷால் வார்னிஷ் அடித்துக் காயவைக்க வாரக்கணக்கில் ஆகும். ஃபோர்டின் மாடல் டி கார் 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டுமே வந்தது. 1924 மாடல் ஓக்லண்ட் கார்களுக்கு அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனி தயாரித்த 'ட்யூகோ' என்ற லாக்கர் அடிக்கப்பட்டது. அது மணிக்கணக்கில் காய்ந்தது. நம் ஊர் பெயிண்டர்கள் இன்றும் 'ட்யூகோ அடிக்கணும்' என்று சொல்வது அந்தப் பெயரைத்தான்.

நகத்தால் ஒரு சோதனை

கீறல் விழுந்தவுடன் பெயிண்ட் வாங்க ஓடாதீர்கள். இடத்தைக் கழுவிவிட்டு, கீறலுக்குக் குறுக்கே நகத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள். நகம் தட்டாமல் வழுக்கினால் காயம் மேலே இருக்கும் கிளியர் கோட்டில்தான். ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தாலே பெரும்பாலும் மறைந்துவிடும். பெயிண்டே தேவையில்லை.

நகம் தட்டினால் கலர் வரை போயிருக்கிறது. சாம்பல் நிறமாகத் தெரிந்தால் அது ப்ரைமராக இருக்கலாம். இரும்பு பளிச்சென்று தெரிந்தாலோ, காவி நிறத்தில் துரு தெரிந்தாலோ தாமதிக்காதீர்கள்.

கல் தெறித்த புள்ளிகள், சின்னக் கீறல்களுக்கு டச்-அப் பெயிண்ட் போதும். நெயில் பாலிஷ் மாதிரி சின்ன பிரஷ்ஷோடு வரும். ஒரே தடவையில் நிரப்பாமல், மெல்லியதாக ஒரு தொடு, காய்ந்ததும் இன்னொரு தொடு என்று வையுங்கள். காற்றோட்டமான வாசலில் உட்கார்ந்து இதை யாரும் செய்யலாம்.

உங்கள் கையில் இருக்கும் முக்கால்

கதவின் அடிப்பக்கத் துரு போன்ற பெரிய வேலைக்கு முதல் படி, கலர் அடிக்கப்போகும் பட்டறைக்காரரிடம் பேசுவது. "அண்ணா, தேய்ப்பு வேலையை நானே செஞ்சு கொண்டுவந்தா, கலர் மட்டும் அடிச்சுத் தருவீங்களா? எந்த ப்ரைமர் போடணும்?" என்று கேளுங்கள். அடியில் இருக்கும் ப்ரைமர் ஒத்துவராவிட்டால் மேலே அடிக்கும் பெயிண்டின் தின்னர் அதைச் சுருக்கிக் கிளப்பிவிடும். 'ப்ரைமரை நாங்களே அடிச்சுக்கறோம்' என்று அவர் சொன்னால், தேய்த்து முடித்த அன்றே வண்டியை ஒப்படைத்துவிடுங்கள். வெறும் இரும்பை இரவு முழுக்க விட்டால் பனியிலேயே துரு பூக்கும்.

அடுத்து சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். கதவின் அடியில் தண்ணீர் வடிவதற்குச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். அழுக்கு அடைத்துத் தண்ணீர் உள்ளேயே நின்றதுதான் பல கார்களில் துருவுக்கே காரணம். ஓட்டையைத் திறந்துவிடாமல் மேலே பெயிண்ட் அடிப்பது வீண்.

துருவை 80-ஆம் நம்பர் உப்புத்தாளால் பளபளவென்று இரும்பு தெரியும்வரை தேய்க்க வேண்டும். சுத்தியலால் மெல்லத் தட்டினால் உள்ளே போய்விடும் அளவுக்கு அரித்திருந்தால் அது வெல்டிங் வேலை. அங்கே பட்டியை அப்பி மறைக்காதீர்கள்.

பள்ளத்துக்குப் பட்டி வைக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள், சில நிமிடத்தில் கல்லாகிவிடும். பட்டியை 80, 180, 320 என்று நம்பரை ஏற்றிக்கொண்டே தேய்க்க வேண்டும். இந்தப் பட்டி தண்ணீரை உறிஞ்சும். அதனால் ப்ரைமர் போடும்வரை உலர்வாகவே தேய்ப்பது நல்லது. ப்ரைமர் மேல்தான் வாட்டர் பேப்பர். தேய்க்கும்போது மூக்கில் தூசு மாஸ்க் கட்டாயம். கண்ணால் பார்ப்பதைவிட உள்ளங்கையால் தடவிப் பார்ப்பது நல்லது. துணியைத் தொட்டே கவுண்ட் சொல்லும் ஊரில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பனியன் வேஸ்ட் செய்யும் வேலை

நாம்தான் ஊருக்கெல்லாம் பனியன் வேஸ்ட் அனுப்புகிறோம். துடைக்க அதைவிட வேறென்ன வேண்டும் என்று தோன்றும். இங்கேதான் கவனம் தேவை.

துணி மெத்தென்று இருக்க ஃபினிஷிங்கில் சிலிக்கான் சாஃப்ட்னர் போடுவது நமக்குத் தெரிந்ததே. பெயிண்டுக்கு முதல் எதிரி அந்தச் சிலிக்கான்தான். இரும்பில் துளி ஒட்டியிருந்தாலும், மேலே அடிக்கும் பெயிண்ட் அந்த இடத்தை விட்டு விலகி, மீன் கண் மாதிரி வட்ட வட்டமாகக் குழி விழும். சரி, கிரே துணியால் துடைக்கலாமே என்றால் அதில் நிட்டிங் ஆயில். வீட்டில் பலமுறை துவைத்து நைந்த பழைய பருத்தி பனியன்தான் உத்தமம். துவைக்கும்போது வாசனைக்காக கம்ஃபர்ட் மாதிரி எதையும் ஊற்றியிருக்கக் கூடாது. டேஷ்போர்டுக்குப் போடும் பாலிஷிலும் சிலிக்கான் இருக்கும். வேலை முடியும்வரை அந்த டப்பாவை உள்ளேயே வையுங்கள்.

இன்னொன்று, காற்றில் மிதக்கும் பஞ்சு. பக்கத்தில் கட்டிங்கோ பவர் டேபிளோ ஓடினால் ஈரப் பெயிண்டின் மேல் பஞ்சு இறங்காமல் இருக்காது. வீட்டு வாசலில் கலர் அடிப்பது சரிப்படாது என்பதற்கு இதுவே ஒரு காரணம்.

ஷேடு பார்ப்பது எப்படி?

காரின் பெயிண்ட் கோடு எஞ்சின் பக்கத் தகட்டிலோ கதவுச் சட்டத்திலோ இருக்கும். ஆனால் பத்து வருடம் வெயிலில் நின்ற கார், கோடில் உள்ள நிறத்தில் இருக்காது. லேப் டிப்பை பகல் வெளிச்ச விளக்கிலும், கடை விளக்கிலும் மாற்றி மாற்றிப் பார்த்து அப்ரூவல் வாங்குகிறோம் அல்லவா? ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு ஷேடு, இன்னொரு விளக்கில் பிரிந்து நிற்கும். காருக்கும் அதே சோதனை. ஒரு அட்டையில் கலரை அடித்துக் காயவைத்து, கதவுப் பக்கத்தில் வைத்து வெயிலிலும் நிழலிலும் டியூப்லைட்டிலும் பாருங்கள்.

சாதா வெள்ளை ஓரளவு ஒத்துவரும். மெட்டாலிக் நிறத்தில் நுண்ணிய அலுமினியத் துகள்கள் இருக்கின்றன. கன்னின் தூரம், அழுத்தம் மாறினாலே துகள் படுக்கும் விதம் மாறி நிறமும் மாறிவிடும். அனுபவக் கைக்கே சவாலான வேலை அது.

விட்டுவிட வேண்டிய கால்

இப்போது ஹார்டனருக்கு வருகிறேன். கார் பெயிண்டிலும் கிளியரிலும் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. (பட்டியில் கலக்கும் ஹார்டனர் வேறு ரகம்.) கன்னில் அடிக்கும்போது அது மூச்சோடு உள்ளே போனால் ஆஸ்துமாவை வரவழைக்கும். கார் பெயிண்டர்களின் தொழில் நோயாகவே உலகம் முழுக்க அறியப்பட்ட விஷயம் இது. ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவு பட்டால்கூட மூச்சு இழுக்கும்.

"மாஸ்க் கட்டிக்கிட்டா போதாதுங்களா?" என்று கேட்பீர்கள். கொரோனா காலத்து மாஸ்க் துகளைத்தான் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. முறையான பட்டறையில் வெளியிலிருந்து குழாய் வழியே நல்ல காற்று வரும் முகமூடி போட்டு, புகை இழுக்கும் அறைக்குள் அடிப்பார்கள்.

அதுவும் உங்களுக்கு மட்டும்தான் மாஸ்க். லைன் வீட்டில் ஒரே வாசலில் எட்டுக் குடும்பம் இருக்கும். பக்கத்து வீட்டுத் தொட்டில் குழந்தைக்கு யார் மாஸ்க் கட்டுவது? எதிர் திண்ணையில் ஒரு அக்கா வெள்ளை எக்ஸ்போர்ட் பீஸ்களுக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருப்பார். பெயிண்ட் தூவல் காற்றில் போய் அந்தக் கட்டில் இறங்கினால், அவருடைய வாரக்கூலியே போய்விடும்.

தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து சமையலறை அடுப்பு, சாமி விளக்கு, கொசுவர்த்தி வரை போகும். அங்கே பற்றினால் தீ திரும்பி உங்கள் டப்பாவுக்கே வரும்.

மிச்சத் தின்னரைச் சாக்கடையில் ஊற்றுவதும் கூடாது. சாயத் தண்ணீரால் நொய்யல் கெட்டதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும், அப்போது ஊரே வேலையில்லாமல் தவித்ததும் நமக்கு மறந்திருக்காது. மூடி போட்ட டப்பாவில் வைத்துப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். தெளியவைத்து கன் கழுவ வைத்துக்கொள்வார்கள்.

ஆர்.சி.யையும் பாருங்கள்

அதே நிறத்தையே அடித்தால் பிரச்சினை இல்லை. நிறத்தை மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஆர்.சி.யிலும் மாற்றி எழுத வேண்டும், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவிக்க வேண்டும். கார் கடன் பாக்கி இருந்தால் பைனான்ஸ்காரரின் எழுத்துப்பூர்வ சம்மதமும் வேண்டும். ராணுவப் பச்சை மட்டும் ஆசைப்படாதீர்கள். அது ராணுவ வாகனங்களுக்கு மட்டும் உரியது என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121-ஆவது விதி சொல்கிறது.

முழுக் கலர் அடிக்க இப்போது கையில் பணம் இல்லையா? பரவாயில்லை. துருவைத் தேய்த்து எடுத்து, பிரஷ்ஷால் ரெட் ஆக்சைடு ப்ரைமரும் மேலே ஒரு கோட் எனாமலும் தொட்டு மூடிவையுங்கள். பார்க்க அழகாக இருக்காது, பிற்பாடு பெயிண்டர் அதைத் தேய்த்து எடுக்கவும் வேண்டியிருக்கும். ஆனால் இரும்பு பிழைக்கும். கலருக்கு தீபாவளி போனஸ் வரை பொறுக்கலாம். ஐப்பசி மழையில் துரு அதுவரை பொறுக்காது.