நூல் எண் அறிந்தவருக்குக் கணிதம் எட்டாக்கனியா?

நாற்பதாம் நம்பர் நூல் இருபதாம் நம்பர் நூலைவிட மெல்லியது என்பதை அறியாத தொழிலாளி ராஜபாளையத்து நூற்பாலைகளில் இருக்க முடியாது. 840 கெஜம் நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருகிறதோ, அதுவே பருத்தி நூலின் எண். எண் இரட்டித்தால், ஒரு கெஜம் நூலின் எடை பாதியாகும். பள்ளியில் எதிர்விகிதம் என்று கற்பிக்கப்படுவது இதுதான். பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுபவருக்கும் பாலுக்கும் சர்க்கரைக்குமான விகிதம் கைவந்த கலை. ஆயினும், இவர்களில் ஒருவர் முப்பது வயதில் பட்டம் பெற விழைந்தால், முதலில் அச்சுறுத்துவது கணிதமே.

பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் தேறாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பெறும் பட்டம் அரசுப் பணிக்கு ஏற்கப்படாது என 2009-இல் தமிழக அரசு ஆணையிட்டது. எனவே, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர் தனித்தேர்வராக அத்தேர்வுகளைக் கடந்தாக வேண்டும். பத்தாம் வகுப்பில் கணிதம் கட்டாயப் பாடம். அதைத் தாண்டி வணிகவியல் பட்டப்படிப்பில் சேர்ந்தாலும், அங்கே வணிகக் கணிதமும் புள்ளியியலும் காத்திருக்கின்றன.

இணையவழிப் பாடங்களுக்குப் பஞ்சமில்லை. மத்திய அரசின் 'ஸ்வயம்' தளம் 2017-இலும், தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019-இலும் தொடங்கப்பட்டன. பாடநூல்களைக் கட்டணமின்றித் தரவிறக்கிக் கொள்ளலாம். ஆனால், இவை வகுப்பு வரிசைப்படி அமைந்தவை. இடைவெளி விட்டு வருபவரின் குறையோ வரிசைப்படி அமைவதில்லை. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று விடை எழுதுபவர், மேலெண்களைத் தனியாகவும் கீழெண்களைத் தனியாகவும் கூட்டியிருக்கிறார். அவருக்குப் பத்தாம் வகுப்புக் காணொலியை எத்தனை முறை போட்டுக் காட்டினாலும் பயனில்லை. தவறான விடையிலிருந்தே தவறின் காரணத்தைக் கண்டு, உரிய பயிற்சிக்கு அழைத்துச் செல்லும் மென்பொருளே அவருக்குத் தேவை. தொழில்நுட்பம் ஆசிரியருக்கு உண்மையில் கைகொடுக்கும் இடம் இதுவே.

முன்தகுதி எதுவும் கோராமல் 1971-இல் கற்பித்தலைத் தொடங்கிய பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், வானொலி, தொலைக்காட்சி ஒலிபரப்புகளை மட்டும் நம்பியிருக்கவில்லை. அஞ்சல்வழிப் பாடநூல்களோடு, மாணவருக்கு அருகிலேயே வழிகாட்டும் ஆசிரியர்களையும் அமர்த்தியது. கருவியும் மனிதரும் இணைந்ததே அதன் வெற்றி. பெரியவர்களுக்கு இது இன்னும் இன்றியமையாதது. தம் பிள்ளை வயதினர் முன் பின்னக் கணக்கில் தவறிவிடுவோமோ என்ற கூச்சம் அவர்களுக்கு உண்டு. கைப்பேசியிடம் தனிமையில் தவறு செய்வது அக்கூச்சத்தைப் போக்கும். ஆனால், சோர்வுறும்போது தொடர்ந்து படிக்கத் தூண்டுவதற்கு ஓர் ஆசிரியர் வேண்டும்.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த கிருஷ்ணன்கோவிலிலும் உயர்கல்வி நிறுவனங்கள் உள்ளன. அவற்றின் கணித மாணவர்கள் வாரம் இருமுறை நூலகங்களில் பயிற்றுநர்களாக அமரலாம். ஆலைகளில் ஷிப்ட் மாறுவதால் காலை, மாலை என இருவேளையும் வகுப்பு நடக்க வேண்டும். குறையறியும் தேர்வையும் பயிற்சியையும் இணைய இணைப்பின்றி இயங்கும் வகையில் தமிழில் உருவாக்கித் தரும் பொறுப்பைத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஏற்கலாம். எதிர்விகிதப் பாடம் நூல் எண்ணிலிருந்தே தொடங்கட்டும்.

நூலின் எண்ணைக் கொண்டு அதன் தன்மையைச் சொல்பவர் கணிதம் அறியாதவர் அல்லர். அவருடைய அறிவுக்கும் தேர்வுத்தாளுக்கும் இடையே பாலம் அமைக்காமல், காணொலிகளை மட்டும் குவித்துவிட்டுக் கடமை முடிந்தது என அரசு கருதிவிடலாகாது.