பலாலிக்கு ஒரு மணிப் பிரயாணம்

திருச்சிராப்பள்ளியிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு ஆகாய மார்க்கமாக உள்ள தூரம் ஏறக்குறைய 185 கிலோமீட்டர். திருச்சிவாசி ஒருவர் சென்னைக்குச் சாலை வழியே போவதற்குக் கடக்கவேண்டிய தூரத்தில் இது பாதிக்குச் சற்றே அதிகம். 2025 மார்ச் 30-இல் இண்டிகோ நிறுவனத்தார் தொடங்கிய நேரடிச் சேவை, ஏ.டி.ஆர். ரகத்துச் சிறிய விமானத்தைக் கொண்டு, இத்தூரத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரத்தை அட்டவணையில் ஒதுக்கியது.

பலாலி ஓடுபாதையை நீட்டிப் பெரிய ஜெட் விமானங்களை இறக்கினால்தான் இந்த மார்க்கம் தழைக்கும் என்று வாதிப்போர் இரு கரையிலும் இருக்கிறார்கள். இந்த அபிப்பிராயத்தை நாம் ஏற்பதற்கில்லை. மணிக்கு ஐந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் பறக்கவல்ல ஏ.டி.ஆருக்கே இத்தூரம் அரை மணிக்கும் குறைவான வேலை. எஞ்சிய நேரம் தரையில் ஊர்வதிலும், ஏறி இறங்குவதிலும், வட்டமிடுவதிலும் செலவாகிறது. ஜெட் விமானமோ தன் முழு வேகத்தை எட்டுவதற்குள்ளாகவே இறங்கத் தொடங்கிவிட வேண்டும். அதனால் மிஞ்சுவது சில நிமிஷங்களே. பிரயாணியின் பொழுதை உண்மையில் விழுங்குவது, மூன்று மணி நேரம் முன்னதாக வந்துசேரச் சொல்லும் சம்பிரதாயமும், குடியகல்வு, சுங்கம் முதலிய வரிசைகளும், அன்றைக்கே திரும்பிவர வகையில்லாத அட்டவணையுமேயாகும்.

ஓடுபாதையை நீட்டுவதற்கு நிலம் எங்கிருந்து வரும் என்பதையும் கேட்டாகவேண்டும். பலாலியைச் சூழ்ந்துள்ள வலிகாமம் வடக்கு, 1990-இல் ஜனங்கள் போரினால் வெளியேறியபின், உயர் பாதுகாப்பு வலயம் என்று அடைபட்ட செம்மண் பூமி. அதன் பகுதிகள் தவணை தவணையாகத்தான் உரியவர்களிடம் திரும்பியிருக்கின்றன. முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் முதுமையடைந்தவர்கள் அந்தத் தோட்டங்களுக்காக இன்னும் காத்திருக்கையில், 185 கிலோமீட்டர்ப் பிரயாணத்தின் பெயரால் அவற்றின்மேல் தார் பூசச் சொல்வது நியாயமாகாது. துபாய்க்கும் லண்டனுக்கும் பலாலியிலிருந்தே பறக்கவேண்டும் என்பது வேறு விவகாரம். அதை நிலத்துக்குரியவர்களின் சம்மதத்தோடு தனியாகப் பேசட்டும்.

சிறிய விமானம் என்பதில் இழிவொன்றுமில்லை. 1947 டிசம்பரில் ஏர் சிலோன் தன் முதற் சேவையை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு நடத்தியது ஒரு டக்கோட்டாவைக் கொண்டுதான்.

ஆகவே, இரு சர்க்கார்களும் செய்யவேண்டியவை தரையில்தான் இருக்கின்றன. காலையும் மாலையும் ஒவ்வொரு சேவை வேண்டும். எழுபது சொச்சம் பிரயாணிகளே வருகிற விமானத்துக்குப் பரிசோதனையைச் சுருக்குவது அசாத்தியமன்று. உடான் திட்டத்தின் தொடக்கத்தில் உள்நாட்டில் ஒரு மணிப் பறப்புக்கு, பாதி இருக்கைகளுக்காவது, 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்து நஷ்டத்தை ஈடுசெய்ய முன்வந்த இந்திய சர்க்கார், நல்லூர்த் திருவிழாக் காலத்திலாவது இம்மார்க்கத்துக்கு அத்தகைய சகாயம் அளிக்க யோசிக்கலாம். 2023 அக்டோபரில் தொடங்கிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலையும் இதனோடு இணைத்து, சுமையுள்ளவர் கப்பலில் போய் விமானத்தில் திரும்புவதற்கு ஒரே சீட்டு வழங்கினால், அதற்கு ஓர் அடி நிலமும் எடுக்கவேண்டியதில்லை.