மஞ்சளும் மறதியும்

அம்மனுக்குக் காப்பாகவும் அடியவர்க்குப் பிரசாதமாகவும் விளங்கும் மஞ்சள், மறதி நோயைத் தீர்க்கும் என்ற பேச்சு இந்நாளில் பரவலாகக் கேட்கிறது. அதில் உண்மை எவ்வளவு என்பதை மூத்தோர் அறிந்திருத்தல் நலம்.

1906-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர், நினைவிழந்து மறைந்த ஒரு பெண்மணியின் மூளையில் படிவுகளும் இழைமுடிச்சுகளும் இருந்ததை எடுத்துரைத்தார். அப்படிவுகள் அமிலாய்டு பீட்டா என்னும் சிறு புரதம் திரண்டு உண்டானவை என்பது பின்னாளில் தெரியவந்தது. அப்புரதம் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும்போது நரம்பணுக்கள் நலிவுறுகின்றன.

இத்திரட்சியில் கொழுப்புக்கும் பங்குண்டு. உடலிலுள்ள கொலஸ்ட்ராலில் ஏறத்தாழ 5-இல் ஒரு பங்கு மூளையில் இருக்கிறது. நரம்பணுவைச் சூழ்ந்த கொழுப்புச் சவ்வின் மீது அமிலாய்டு ஒட்டிக்கொண்டால், அங்கிருந்தே திரட்சி தொடங்கக்கூடும். மூளையில் கொழுப்பைச் சுமந்து செல்வது அப்போ-ஈ என்னும் புரதம். அதன் 4-ஆம் வகை மரபணுவை உடையோர்க்கு இந்நோய் வரும் வாய்ப்பு மிகுதி என்பது 1993-இல் கண்டறியப்பட்டது. அது வாய்ப்பே; மாற்றவியலாத தலைவிதி அன்று.

மஞ்சளுக்கு நிறம் தருவது குர்குமின். சோதனைக் குழாயிலும் எலிகளிடத்தும் அது அமிலாய்டுடன் பிணைந்து திரட்சியைக் குறைத்தது. ஆயினும், நோயுற்ற மனிதர்க்குக் கொடுத்துப் பார்த்தபோது தெளிவான பயன் காணப்படவில்லை. குடல் அதனைச் சிறிதளவே ஏற்கிறது. ஏற்றதையும் உடல் விரைந்து வெளியேற்றிவிடுகிறது. மிளகிலுள்ள பைப்பரின் அந்த ஏற்பைக் கூட்டும். ஆனால் அதனால் நோய் தீரும் என்பதற்குச் சான்றில்லை.

ஆகவே, உணவில் மஞ்சளும் மிளகும் வழக்கம்போல் தொடரட்டும். செறிவூட்டிய குர்குமின் மாத்திரைகள் வேறு. அவற்றால் கல்லீரல் பாதிப்புற்றோரும் உண்டு. இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்வோரும் பித்தப்பையில் கல் உடையோரும் மருத்துவரைக் கேளாமல் அவற்றை உண்ணலாகாது. மருத்துவர் தந்த மருந்தை நிறுத்திவிட்டு மஞ்சளை மட்டும் நம்புதல் தகாது.

இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்தல், பிராகாரத்தை வலம்வரும் நடை, கூட்டுப் பாராயணம், அடியார்களுடன் உரையாடல் ஆகியவை மூளைக்கு நலம் செய்பவை. நாள்தோறும் சென்ற கோயிலிலிருந்து இல்லம் திரும்ப ஒருவருக்கு வழி தெரியவில்லையெனில், வயதின் இயல்பென்று விட்டுவிடவும் வேண்டா, முன்வினையென்று மறைக்கவும் வேண்டா. வைட்டமின் பி12 குறைவாலும் தைராய்டு குறைவாலும் வரும் மறதியைச் சிகிச்சையால் சீராக்க இயலும். காலத்தே மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும் பெரியோர்க்குச் செய்யும் தொண்டே.